நீ மூச்சு விடும் இடம்

மச்சான்,

உன் ஹெட்போனின் பஞ்சில் அத்தர் வாசம் இன்னும் போகவில்லை. இன்று காலை சிதம்பரத்தில் என் வீட்டு மாடியறையில் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது, யாரோ பின்னால் வந்து நின்றதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன், சிரிக்காதே. கொடியில் என் சட்டைதான் தொங்கியது. நேற்று தங்கச்சி, அதான் உன் மனைவி, போனில் ஒன்று கேட்டாள். அதைத் தேடித்தான் உன் மெமரி கார்டில் இருக்கும் பாட்டுகளை முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தேன்.

மஞ்சக்குப்பத்தில் உன் செல்போன் ரிப்பேர் கடையின் பின்னறை. சுவரெல்லாம் பழைய போர்வைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டு, அதற்கு ஸ்டுடியோ என்று பெயரும் வைத்திருந்தாய். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க நீ புல்லாங்குழல் ஊதுவாய், நான் தபலா வாசிப்பேன். பதிவானதை அன்றைக்கே இணையத்தில் போட்டுவிடுவாய். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், எதற்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், காசும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம்.

"பேராவது போடேன்டா, பெரிய வள்ளல் பரம்பரையா நீ?" என்று கத்தியிருக்கிறேன்.

"பேர் போட்டா எனக்காக எடுப்பான். போடலன்னா பாட்டுக்காக எடுப்பான். வுடு மச்சான். குடுத்தத திருப்பி நெனைக்கக்கூடாது."

ஒவ்வொரு பாட்டிலும் நடுவே ஓர் இடத்தைக் காலியாக விடுவது உன் வழக்கம். எடுத்துக்கொள்கிறவர் தன் வாத்தியத்தையோ குரலையோ அங்கே சேர்த்துக்கொள்ளட்டும் என்று. அந்த இடத்தில் நானும் கையை எடுத்துவிட வேண்டும். நீ மைக்கை விட்டு விலகாமல், தாளம் தவறாமல் மூச்சு விட்டுக்கொண்டு காத்திருப்பாய். உனக்கு வீசிங் உண்டு. ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் சன்னமாக ஒரு விசில் கேட்கும். கடைசியில் ஒரு மூச்சை மட்டும் நீளமாக இழுத்து விட்டு அடங்கிவிடுவாய், அதற்கப்புறம் வருகிறவருக்கான இடம். 'இப்போது வா' என்பதற்கு அதுதான் அடையாளம். அதையெல்லாம் கம்ப்யூட்டரில் வெட்டி எடுத்துவிடலாமே என்றேன்.

"வெட்டிட்டா, வர்றவனுக்கு எப்ப நுழையறதுன்னு எப்படித் தெரியும்?" என்றாய்.

நீ போன பிறகு தங்கச்சி இத்தா இருந்தாள், கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் நாலு மாதம் பத்து நாள். வெளியே வரக்கூடாது, அந்நிய ஆண்களைப் பார்க்கக்கூடாது. நான் போனால் துணைக்கு வந்திருந்த உன் மாமியார் நாற்காலி போடுவார். தங்கச்சி திரைக்கு அந்தப் பக்கம் இருந்து பேசுவாள். ஒரு நாள் அவள் குரலே சரியில்லை.

"அண்ணே, அவுங்க தெருவுல வர்றாங்க."

உன் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன், கொஞ்ச நேரம். பிறகு தெருமுனையில் ஒரு விளம்பர ஆட்டோ திரும்பியது. ஏதோ ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி. அறிவிப்புக்குப் பின்னால் உன் குழல். உன் வீட்டுக்கு எதிரே ஆட்டோவை நிறுத்திவிட்டு டிரைவர் நோட்டீஸ் கொடுக்க இறங்கினார். அறிவிப்பு முடிந்தது, குழலும் நின்றது. அப்புறம் ஒலிபெருக்கியில், தெரு முழுக்கக் கேட்கும்படி, நீ மூச்சு விட்டாய்.

பட்டப்பகல், மச்சான். எதிர்வீட்டுக்காரர் பைக் துடைத்துக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னாலிருந்து தங்கச்சி, ரொம்பச் சாதாரணமான குரலில், "இன்ஹேலர் அலமாரி மேல இருக்கு பாருங்க" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். ஓவென்று அழுதாள்.

"தெனமும் வருதுண்ணே. தாங்க முடியல. அத எடுத்துடுங்க. உங்களுக்குத்தான் பாஸ்வேர்டு தெரியும்."

தெரியும். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டு நீ என் காதில் சொன்னது. பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னாய், அழிக்கச் சொல்லவில்லை. ஆனால் திரைக்குப் பின்னால் உயிரோடு இருப்பவள் அவள். நான் அவள் பக்கம் நின்றேன். வீட்டுக்கு வந்த கையோடு இணையத்தில் நீ பாட்டுகளைப் போட்டுவைத்த பக்கத்தை மொத்தமாக அழித்தேன்.

ஆட்டோ மறுநாளும் வந்ததாம். எடுத்தவர்கள் எடுத்ததுதானே. தேடிப் பார்த்தால் முகம் தெரியாதவர்களிடமெல்லாம் நீ இருந்தாய். சமையல் வீடியோவில், யோகா வகுப்பில். காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ஸில் ஒரு கல்லூரிப் பெண்ணின் போனிலிருந்து நீ மூச்சு விட்டபோது, எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் காற்று என்று நினைத்து ஜன்னலை மூடினார். நீ விட்டுவைத்த இடத்தில் சிலர் வாசித்தும் இருந்தார்கள். ஒரு வயலின், ஒரு கிடார், என்ன மொழி என்றே புரியாத ஒரு பெண்குரல். நீ மூச்சை நீளமாக இழுத்து விடுகிறாய், அவர்கள் சரியாக நுழைகிறார்கள். ஒருவர்கூடத் தவறவில்லை. கூப்பிடுகிறவன் உயிரோடு இல்லை என்று அவர்களுக்கு யார் சொல்வது? எனக்குப் பயமாக இருந்தது. பொய் சொல்வானேன், பொறாமையாகவும் இருந்தது.

இத்தா முடிந்தது. ஆடித் தள்ளுபடியும் முடிந்தது. நேற்று தங்கச்சி பேசினாள். தையல் வகுப்புக்குப் போகிறாளாம், ராத்திரி கொஞ்சம் தூக்கம் வருகிறதாம். போனை வைக்கப்போகும்போதுதான் கேட்டாள்.

"அண்ணே, அந்த ஆட்டோ இப்ப வர்றதே இல்ல. வூடு ஒரேடியா அமைதியா கெடக்கு. அவுங்க மூச்சு எந்தப் பாட்டுல ஜாஸ்தியா இருக்கு?"

தேடிப் பார்த்து அனுப்புகிறேன் என்றேன். இன்று கண்டுபிடித்து அவளுக்கு அனுப்பிவிட்டேன். அது நீ கடைசியாகப் பதிவு செய்தது. நான் அன்றைக்குப் புவனகிரியில் ஒரு கல்யாணக் கச்சேரிக்குப் போயிருந்தேன். நீ தனியாக ஊதி, ரொம்ப நேரம் மூச்சு விட்டுக் காத்திருந்து, தபலாவுக்கென்று இடம் விட்டிருக்கிறாய். இணையத்தில் போடுவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாய். யாரும் எடுக்காத ஒரே பாட்டு இதுதான்.

அனுப்பிவிட்டுத் தபலாவை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டேன். நீ மூச்சு விடுகிறாய், விட்டுக்கொண்டே இருக்கிறாய், பிறகு அந்த நீளமான மூச்சு வருகிறது. தூக்கிய கையை என்னால் இறக்க முடியவில்லை. திரும்ப முதலிலிருந்து போடுகிறேன், திரும்பவும் அப்படியே. எனக்காகத்தான் விட்டிருக்கிறாய் என்று தெரியும். ஆனால் நான் வாசிக்கத் தொடங்கினால் நீ காத்திருப்பது முடிந்து, மூச்சு விடுவது நின்றுவிடும், மச்சான்.