இரண்டாவது இழுப்பு

ஏப்ரல் 5, சனி

மழை விட்டு ஆறு தெளிந்துவிட்டது. நாளை தம்பியோடு மேல் வளைவுக்கு, மீன் பிடிக்க. சாம்பல் சேவல் இறகும் பழுப்பு நூலும் வைத்துத் தூண்டில் முள்ளில் ஒரு பொய் ஈ கட்டினேன். தண்ணீரில் மிதந்தால் எந்த ட்ரவுட் மீனும் நிஜப் பூச்சி என்றே நம்பும். ஆற்றுக் காவலர் போன வாரமும் ஓதினார்: "பெரியவரே, தூண்டில் முள்ளு நுனியில பின்பக்கமா நீட்டியிருக்கற எதிர்முள்ளக் குறடால நசுக்கிடுங்க. மீனத் திரும்ப விடறப்ப வாய் கிழியாது." நசுக்கினால் மீன் நழுவும். யாரிடமும் கற்காமல் நானே பழகிய வித்தை இது. நேற்று முளைத்தவர் எனக்குச் சொல்ல வேண்டாம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

தம்பி கண்ணில்.

எழுத முடியவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தேன். பாறையோரம் ஒரு பெரிய மீன் மேலே வந்து பூச்சியை உறிஞ்சியது. நூலை முன்னே வீச, முதலில் பின்னால் வீச வேண்டும். அதற்கு முன் திரும்பிப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை. அந்த மீனை விட்டுக் கண்ணை எடுக்க மனமில்லை. பின்னால் போன நூல் எதிலோ மாட்டியது. கிளை என்று நினைத்துச் சுண்டி இழுத்தேன்.

"அண்ணா, இழுக்காத!"

அவன் ஏன் என் பின்னால் வந்தான்? கரையில் நில் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்?

ஏப்ரல் 9, புதன்

மருத்துவமனை. குத்திய காயம் சின்னதுதான், எதிர்முள் உள்ளே பிடித்துக்கொண்டதால் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று என்றார் கண் டாக்டர். தம்பி மனைவி என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: "நழுவவே கூடாதும்பீங்களே மாமா. நழுவல."

அவளை விட்டு நகர்ந்தேன். தம்பியிடம் போய், "பின்னால வராதன்னு சொன்னேன்ல?" என்றேன்.

கட்டுப் போட்ட முகத்தோடு, "ஆமாண்ணா, சொன்ன" என்றான்.

எனக்கு வாய்த்தது நாக்கா, தேளா?

ஏப்ரல் 12, சனி

இரண்டு முறை இழுத்தேன். அவன் கத்தியது முதல் இழுப்புக்கு. ஆற்றுச் சத்தத்தில் கேட்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கேட்டது. நல்லாவே கேட்டுச்சு. இப்படிக் கத்தினால் மீன் கலைந்துவிடுமே என்று எரிச்சல். அந்த எரிச்சலில்தான் இன்னும் ஓங்கி—

ஏப்ரல் 24, வியாழன்

தம்பிக்கு இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம். இனி அவ்வளவுதானாம்.

மே 11, ஞாயிறு

காவலர் வாசலில் நின்று தம்பியை விசாரித்தார். போகும்போது, "இப்பவாவது நசுக்கினீங்களா?" என்றார். முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினேன். இவர் சொல்லித்தான் நான் செய்ய வேண்டுமா?

சாத்திவிட்டுக் குறடைத் தேடி எடுத்தேன். பெட்டியில் இருந்த அத்தனை எதிர்முள்ளையும் நசுக்கினேன். அழுத்திய வேகத்தில் சில உடைந்தன.

ஜூன் 8, ஞாயிறு

தம்பியே கூப்பிட்டான். "இவ திட்டறா. இருந்தாலும் வீட்லயே கெடந்தா பைத்தியம் பிடிச்சிரும். வா."

மேல் வளைவு. என் பெட்டியிலிருந்து ஓர் ஈயை எடுத்து, முள்ளின் காதில் நூலைக் கோர்க்கப் பார்த்தான். நூல் ஒவ்வொரு தடவையும் பக்கத்துக் காற்றில் போனது.

"நீயே கோத்துக் குடு. கெழட்டுக் கண்ணுன்னாலும் உனக்கு ரெண்டு இருக்குல்ல." சிரித்தான்.

கோர்த்துக் கொடுத்தேன்.

முள்ளைத் தன் சட்டைக் கையில் குத்தி மெல்ல இழுத்துப் பார்த்தான். எதிர்முள் இருந்தால் துணியும் சேர்ந்து வரும். ஓர் இழைகூட வரவில்லை. தண்ணீரில் இறங்கினான்.

"என் இடது பக்கம் நில்லுண்ணா. அந்தப் பக்கம் யாராவது வந்தா எனக்குத் தெரியாது."

நின்றேன். என் தூண்டில் கோலை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. அவன் கையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, "வீசு" என்றேன்.