ஜெஜு போகிற மெழுகுதிரிகள்

மோர்டன்,
10.11.1996

அன்புள்ள ஜெனிற்றா,

அப்பாவின் எழுத்தை எதிர்பார்த்து உறையைப் பிரித்திருப்பீர், நான் எழுதுகிறேன் என்று கோபிக்க வேண்டாம். வழக்கமாக அவர் எழுதி முடிக்க நான் கடைசியில் ஒரு வரி சேர்ப்பேன். இந்தக் கிழமை அவருக்குப் பெற்றோல் ஸ்ரேசனில் இரட்டை ஷிப்ட், நீரோ பதிலைக் கெதியாய்க் கேட்டிருந்தீர், அதனால் பேனையை நான் எடுத்தேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம். பூசான் குளிரில் உமக்கு ஒரு வருத்தமும் வராமல் அந்தோனியார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று செபமாலை சொல்லும்போதெல்லாம் கேட்கிறோம்.

உம்முடைய கடிதத்தை அப்பா சாப்பாட்டு மேசையில் உரத்து வாசித்தார். தை மாதம் நீர் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் விடுமுறை, ஜெஜு தீவுக்குப் போவோம், அப்பா வாங்கோ என்று எழுதிய இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் பெயர் அதில் இல்லை என்பதை அவர் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். பிறகு அவர், அங்கே எந்த மாதா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரையும் குறை சொல்ல ஏலாது, லண்டனுக்கு வந்த நாளிலிருந்து அவர் போன தூரப் பயணமெல்லாம் வால்சிங்கம் மாதாவும் லூர்து மாதாவும்தானே. நேர்த்திக்கடன் இல்லாமல், கலியாணவீடு செத்தவீடு இல்லாமல், சும்மா பார்த்துவிட்டு வர ஒரு இடத்துக்குப் போகலாம் என்று அவருக்கு யார் சொன்னார்கள். அதற்குள் இம்மாகுலேற் மாமி தமிழ்ப் பூசை முடிய வாசலில் நின்று, அண்ணை கொரியாவில ஒரு தீவுக்கு யாத்திரை போறார் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டா. இப்போது எங்கள் அலுமாரிக்குள் சனம் தந்த மெழுகுதிரிகள்தான். ஒருவருக்கு விசா சரிவர வேணுமாம், இன்னொருவருக்கு மகனின் குடி நிற்க வேணுமாம். மேரிறோஸ் அக்கா பெரிய திரி ஒன்றைக் கொண்டுவந்து, பிள்ளை இல்லாத ஆக்களுக்கு நல்ல இடமாமே என்று கேட்டா. புதுக் கலியாணச் சோடிகள் ஒரே மாதிரி உடுப்புப் போட்டுக்கொண்டு தேனிலவுக்குப் போகிற தீவு அது என்று நான் வாசித்திருந்தேன். இருந்தாலும் ஓம் அக்கா என்று வாங்கி வைத்தேன். மாமி தன் ரைஸ் குக்கரையும் தரப்போகிறாவாம். கொரியாவிலும் சோறுதான் என்று சொன்னேன், அது ஒட்டுற சோறு, அண்ணைக்குச் செமியாது என்றா. அந்தத் தீவில் ஒரு கோவில் எங்கே இருக்கிறது என்று மட்டும் விசாரித்து வையும், மிச்சத்தை அப்பா பார்த்துக்கொள்வார்.

நான் வேலை செய்கிற லைப்ரரியில் கொரியாவைப் பற்றி ஒரே ஒரு புத்தகம் இருந்தது, மதிய இடைவேளைகளில் அதை வாசித்தேன். தை நடுப்பகுதி நல்ல தெரிவு. பூப் பூக்கிற காலத்திலும் கோடையிலும்தான் அறை விலை ஏறுகிறதாம், தையில் காற்று மட்டும் கடுமை. அவர்களுடைய புதுவருசம் மாசித் தொடக்கத்தில் வருகிறது, அந்த நேரம் எல்லாரும் ஊருக்குப் போவதால் கப்பலிலும் இடம் இராது, அதற்கு முதல் திரும்பிவிட வேண்டும். பூசானிலிருந்து இரவில் புறப்படுகிற கப்பலில் தரையில் படுத்துப் போகிற வகுப்பு எடுத்தால் ஒரு இரவு அறை வாடகையும் மிச்சம். ஹோட்டலை விட்டு, வீட்டுக்காரர் வாடகைக்கு விடுகிற அறை எடும், தரை சூடாக இருக்குமாம், அப்பாவின் முழங்காலுக்குச் சுகம். தீவைச் சுற்றிச் சாதாரண பஸ் ஓடுவதால் கார் தேவையில்லை. பெரிய மலையில் ஏறுவன் என்று வீரம் பேசுவார், கேட்காதேயும். கிழக்குக் கரையில் படி கட்டின சின்ன எரிமலைக் குன்று ஒன்று இருக்கிறது, அவருக்கு அது காணும். அந்த மாதம் தோடம்பழம் மலிவு, தேவையான அளவு சாப்பிடட்டும்.

இதெல்லாம் உங்கள் இரண்டு பேருக்கும் என்று நினைத்துத்தான் பார்த்தேன். அப்பா பயண முகவரிடம் லண்டனிலிருந்து எனக்கும் சேர்த்து இரண்டு இருக்கை கேட்டிருக்கிறார், பொறுங்கோ என்று நான் நிப்பாட்டி வைத்திருக்கிறேன். உம்முடைய அம்மா காலமான பிறகு நீரும் அவரும் தனியாக ஒரு இடமும் போகவில்லை, அது எனக்குத் தெரியும். நான் அப்பாவைக் கட்டி இந்த வீட்டுக்கு வந்தபோது உமக்குப் பதினாறு வயது, எனக்கு இருபத்தெட்டு. எங்கள் குடும்பத்தில் கம்பஸ் படித்து முடித்த முதல் ஆள் நான், ஆனால் உம்முடைய அறைக் கதவைத் தட்டி என்ன கதைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தேத்தண்ணியை வாசலில் வைத்துவிட்டுப் போவேன். பின்னேரம் பார்த்தால் கோப்பை கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். அது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று உமக்குச் சொன்னதில்லை.

வெளியே போகும்போது காதை மூடித் தொப்பி போடும், இராச்சாப்பாட்டை விடாதேயும். தேவதாய் உம்மைத் தன் சேலைக்குள் வைத்துக் காக்கட்டும். அப்பாவின் முத்தங்கள்.

ஜெனிற்றா, ஒன்று கேட்கவேண்டும். விருப்பமில்லை என்றால் பதிலே எழுத வேண்டாம், லைப்ரரியில் லீவு தரவில்லை என்று அப்பாவிடம் நானே சொல்லிவிடுவேன், ஒரு மனவருத்தமும் இராது. நானும் வரட்டோ?

பவுலின் அன்ரி