பங்குதாரர் கூட்டத்தில் நீ கேட்ட கேள்வி

என் அருமை மாப்ள முத்திருளா,

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன வியாழக்கிழமை நம் மில்லின் பங்குதாரர் கூட்டத்துக்கு உன் பெயரில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனேன். செத்து ரெண்டு வருஷமான ஆளுக்கு லட்டும் காராசேவும் கொடுத்தார்கள். நான்தான் தின்றேன்.

ஏன் என் பெயரில் போகவில்லை என்று கேட்பாய். இரு, வருகிறேன்.

மில்லுக்குப் பணம் திரட்ட ஊருக்கெல்லாம் பங்கு விற்றார்களே, ஞாபகம் இருக்கிறதா? தொழிலாளர்களுக்கென்று ஒதுக்கியதில் நாம் ஆளுக்கு நூறு வாங்கினோம். "இனி நாமளும் மொதலாளிதான் மச்சான்" என்று டீக்கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டாய். அந்தப் பணத்தில் வந்திறங்கிய மெஷின்தான் நம் ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பியது. நாமே காசு கொடுத்து வரவழைத்த மெஷின்!

இப்போது அடுத்த சுற்று. வங்கியில் கடன் வாங்கி, நூல் சுற்றும் பகுதிக்கும் தானாக ஓடும் மெஷின் போடப்போகிறார்கள். அங்கேதான் உன் பேச்சியம்மா நிற்கிறாள். அவளோடு இன்னும் முப்பது பெண்கள். உன் பெயருக்குத் தபாலில் வந்த, கூட்டத்துக்கான வருகைச் சீட்டை அவள்தான் கொண்டுவந்து நீட்டினாள்.

"அண்ணே, நான் கேட்டா வேலைய விட்டு நிப்பாட்டிருவாக. அவரு கேட்டா யாரு நிப்பாட்டுவா?"

என்ன மூளை மாப்ள! உன்னை எப்படிக் கட்டிக்கொண்டாள்?

வாடிப்பட்டியில் ஒரு கல்யாண மண்டபம். கடன் தீர்மானத்தை வாசித்ததும் எழுந்தேன். குரல் ஆடவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் ஆடியது.

"மெஷின் வாங்குங்க, வேணாங்கல. அங்கன நிக்கிற பொம்பளையாளுகளுக்கு என்ன வேலை தரப்போறீக? அதச் சொல்லிட்டுக் கடன் வாங்குங்க."

சேர்மன் சிரித்தார். "அதையெல்லாம் நிர்வாகம் பாத்துக்கும் பெரியவரே. உக்காருங்க."

பெரியவராம்! அன்றைக்குத்தான் மீசைக்கு மை அடித்திருந்தேன்.

"நிர்வாகம் பாத்த லட்சணத்த நாங்களும் பாத்தோம். நானும் மொதலாளிதான். பதிலச் சொல்லுங்க, உக்காருறேன்."

லட்டுக்காக வந்த கூட்டம் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. நான் உட்காரவே இல்லை. கடைசியில், பெண்களுக்கு பேக்கிங் பகுதியில் வேலை தருவதைப் பரிசீலிப்பதாகக் கூட்டக் குறிப்பில் எழுதினார்கள். கேட்டவர் பெயர், முத்திருளன். கடன் தீர்மானமும் நிறைவேறிவிட்டது, அதையும் மறைக்கவில்லை. அவர்கள் பரிசீலிப்பது எப்படி என்று நமக்குத் தெரியாதா?

ஆனால் பேச்சியம்மா அசரவில்லை. "எழுத்துல ஏறிருச்சுல்லண்ணே, அது போதும். இனி எங்கள வெளிய போகச் சொல்லிப் பாக்கட்டும்."

அடுத்த வருஷமும் போவேன் மாப்ள. அந்த முப்பத்தொரு பேருக்கும் வேலை உறுதியாகும்வரை போவேன். அதுவரை உன்னை உட்கார விடமாட்டேன்.

உன் லட்டையும் தின்ற மச்சான்,
அழகுமலை

என் பெயரில் ஏன் போகவில்லை என்றாயே. நம்மை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும், சம்பளச் செலவு மிச்சமென்று பங்கு விலை ஏறியது. அன்றைக்கே என் நூறு பங்கையும் விற்றுவிட்டேன். எங்கள் வீட்டில் சட்னி அரைக்கும் மிக்ஸி அதில் வாங்கியதுதான்.