கோழித்தலை திரும்பிய பக்கம்

ஜனவரி 9

மழை. பள்ளி மைதானம் சேறாகிவிட்டதால் கோர்ஃப்பால் பயிற்சி சந்தையின் தகரக் கொட்டகையில். லாரி டயருக்குள் சிமெண்ட் ஊற்றி அதில் கூடை மாட்டிய கம்பத்தை நட்டு வைத்திருக்கிறோம். உருட்டி வருவதற்குள் முட்டைக்கோஸ்காரி நாலு வசவு வைதாள்.

கோ-வெய் இன்றும் பந்தைத் தரையில் தட்டினான். கூடைப்பந்திலிருந்து வந்தவன். "பழக்கம் டீச்சர், கை தானா போகுது" என்கிறான். "பழக்கத்த வீட்ல கழட்டி வச்சிட்டு வா" என்றேன். ஆ-லான் மட்டும் சிரிக்காமல் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தாள். குடைப் பட்டறையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிற பெண். கை பிசகவில்லை.

ஜனவரி 14

லியாவ் சேர்மன் வந்தார். மாவட்டக் கோர்ஃப்பால் சங்கத் தலைவர். ஆணித் தொழிற்சாலை முதலாளி. அணிக்குச் செலவு செய்வது அவர்தான்; எங்கள் சட்டை முதுகில் அவர் கம்பெனி ஆணிப் படம்தான்.

"டீச்சர், அக்டோபர்ல தேசியப் போட்டி. அங்க ஆடுறதப் பாத்துத்தான் ஐரோப்பாவுக்குப் போற தேசிய அணிக்கு ஆள் எடுப்பாங்க. நம்ம ஊர் பேர் வரணும். பசங்க கூடைல போடட்டும். பொண்ணுங்க பந்த எடுத்துக் குடுத்தாப் போதும்."

அவர் காசு போடும் ஆட்டத்தின் விதியை அவருக்கே சொன்னேன். அணிக்கு நாலு ஆண், நாலு பெண். ஆணை ஆண்தான் தடுக்கலாம், பெண்ணைப் பெண்தான். தட்டக்கூடாது, பந்தோடு ஓடக்கூடாது, தடுப்பவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றால் கூடையில் போடவும் கூடாது. யார் தனியாக நிற்கிறாரோ அவர்தான் போட வேண்டும்.

"அதெல்லாம் புத்தகத்துல" என்றார்.

"நாலு பேர வச்சு எட்டு பேர் ஆட்டம் ஆட முடியாது சேர்மன்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே. சந்தையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

ஜனவரி 15

எடுத்துக் குடுத்தாப் போதுமாம். என்ன, சாப்பாட்டுத் தட்டா?

ஜனவரி 23

தூங்குவதற்குள் எழுதிவிட வேண்டும்.

தொழிற்சாலையில் ஆண்டுக்கடைசி விருந்து; சந்திரக் கணக்குப் புத்தாண்டு பிப்ரவரியில்தான். அணி முழுக்க அழைப்பு. வேகவைத்த கோழி முழுதாக வந்தது, தலையோடு. தலை யார் பக்கம் பார்க்கிறதோ அவருக்குப் புத்தாண்டோடு வேலை இல்லை என்று அர்த்தம். இப்போதெல்லாம் யாரும் அப்படிச் செய்வதில்லை, வெறும் வேடிக்கைப் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன். பரிமாறினவன் தலையைச் சேர்மன் பக்கம் பார்க்கத்தான் வைத்தான். அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே, ஒற்றை விரலால், மேஜைச் சுழல்தட்டைத் திருப்பினார். மெதுவாக. கோ-வெய்யைத் தாண்டி, ஆ-லானைத் தாண்டி, என் முன்னால் வந்ததும் விரலை எடுத்தார்.

"சாப்பிடுங்க டீச்சர், சாப்பிடுங்க. ஆறிடும்."

எல்லோரும் தங்கள் கிண்ணத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். நான் சூப்பைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் ஓடினால் அழுதுகொண்டு போனாள் என்பார்கள்.

வீட்டுக்காரர், "தட்டு தானா சுத்தியிருக்கும், விடு" என்கிறார். தானாச் சுத்துச்சாம். உங்களுக்கென்ன, தபால் ஆபீஸ்ல முத்திரை குத்திட்டு வந்து தூங்குவீங்க. இந்த அணியைச் சந்தைக்கும் மைதானத்துக்குமாக உருட்டி வளர்த்தவள் நான். வாயைத் திறந்து "வேண்டாம்"னு சொல்ல ஒரு முதலாளிக்குத் துப்பில்ல. கோழிய விட்டுச் சொல்றார்.

ஜனவரி 24

கோ-வெய்தான் இனி பயிற்சியாளராம். அவனே போன் செய்தான். "நான் கேக்கல டீச்சர்." தெரியும். அதற்காக உன் மேல் கோபம் இல்லாமல் இல்லை.

பிப்ரவரி 20

புத்தாண்டு போனது. யாரோடும் சரியாகப் பேசவில்லை.

மாலையில் ஆ-லானும் மற்ற மூன்று பெண்களும் வாசலில். கையில் ஆரஞ்சுப் பை.

"நாங்க நாலு பேரும் அணியிலேர்ந்து நின்னுட்டோம் டீச்சர்."

எனக்கு வந்ததே கோபம். அறிவிருக்கா உங்களுக்கு, எனக்காக ஐரோப்பாவை விடுவீங்களா என்று கத்தினேன். ஆ-லான் ஆரஞ்சை உரித்துக்கொண்டே சொன்னாள்:

"உங்களுக்காக யாரு நின்னா? ரெண்டு வாரமா ஒரு பந்து கூட நான் கூடைக்குப் போடல. எடுக்குறேன், குடுக்குறேன், எடுக்குறேன், குடுக்குறேன். அதுக்குப் பட்டறைலயே இருக்கலாம், சம்பளமாவது வரும்."

எனக்காக இல்லையாம். ஏனோ அதுதான் நிம்மதியாக இருந்தது.

மார்ச் 18

மாவட்டப் போட்டி. போகக்கூடாது என்றிருந்தேன், போனேன். கடைசி வரிசையில், தொப்பியை இறக்கிவிட்டு.

நாலு பெண் இல்லாமல் இறங்க முடியாதே. சேர்மன் தன் ஆபீஸ் தட்டச்சுப் பெண்களுக்குச் சட்டை மாட்டி இறக்கிவிட்டிருந்தார். பாவம், பந்து வந்தால் முகத்தை மூடிக்கொண்டார்கள். எதிரணிப் பெண்கள் தடுப்பாரின்றி நின்று நிதானமாகப் போட்டார்கள். தாங்காமல் கோ-வெய் பாய்ந்து ஒருத்தியின் பந்தைத் தட்டிவிட்டான். விசில். பெண் போடும்போது ஆண் தடுத்ததால் தண்டனை வீச்சு, உள்ளே போனது. மறுபடி பாய்ந்தான். மறுபடி விசில். நாலுக்குப் பதினாறு என்று தோற்றார்கள்.

சந்தோஷப்பட்டேனா? பட்டேன். அப்புறம் தட்டச்சுப் பெண் ஒருத்தி அழுவதைப் பார்த்தேன். மறுபடி அந்த ஆள் மேல் கோபம்தான் வந்தது.

மார்ச் 22

சேர்மன் பள்ளிக்கே வந்தார். அன்னாசி கேக் டப்பாவோடு.

"டீச்சர், பழசெல்லாம் எதுக்கு. மாவட்டத்துல தோத்தாலும் அக்டோபர் போட்டிக்கு நம்ம பேரு இருக்கு. திரும்ப வாங்க."

"பழசு எது? கோழியா?"

காதில் விழாத மாதிரி ஜன்னலைப் பார்த்தார்.

"என்னைக் கேட்டு ஒண்ணும் ஆகாது. ஆ-லானக் கேளுங்க. அவ வந்தா நான் வர்றேன்."

"நான் போயி, குடைப் பட்டறைல..."

"ஆமா. ஆறு மணிக்கு விடுவாங்க."

போனாராம். பட்டறை வாசலில், வேலையாட்களின் ஸ்கூட்டர்களுக்கு நடுவே நின்றாராம். ஆ-லான் எல்லோர் காதிலும் விழக் கேட்டாளாம்: "யாரு தனியா நிக்கிறாங்களோ அவங்கதான் போடணும். பொண்ணா இருந்தாலும். சரியா சேர்மன்?" அவர் தலையாட்டினாராம்.

கேக்கை ஆசிரியர் அறையில் வைத்துவிட்டேன். நான் தொடவில்லை.

ஜூலை 2

கோ-வெய் இன்று ஒரு தடவை கூடத் தட்டவில்லை. சொல்லவில்லை அவனிடம். கெட்டுப்போவான்.

அக்டோபர் 29

தேசியப் போட்டியில் இரண்டாம் இடம். இறுதி ஆட்டத்தில் எங்கள் புள்ளிகளில் பாதிக்கு மேல் ஆ-லான் போட்டது. மேடையில் சேர்மன் ஒலிபெருக்கியைப் பிடித்து, "ஆரம்பத்துலேர்ந்து நம்ம கொள்கையே பெண்களுக்குச் சம வாய்ப்பு" என்றார். என் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் நசுங்கிவிட்டது. கோ-வெய் மெல்ல அதை வாங்கிக்கொண்டான்.

டிசம்பர் 11

ஐரோப்பாவுக்குப் போகும் அணியின் பட்டியல் வந்துவிட்டது. ஆ-லான் இருக்கிறாள். கோ-வெய்யும்.

ஜனவரி 12

மறுபடியும் அதே விருந்து, அதே மேஜை. வர மாட்டேன் என்றவளை ஆ-லான் இழுத்து வந்தாள். கோழி வந்தபோது எல்லோரும் என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

தலை இல்லை. கழுத்தோடு வெட்டியிருந்தது.

"சமையல்காரன் மறந்துட்டான் போல" என்றார் சேர்மன், யாரையும் பார்க்காமல்.

ஆ-லான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டு வந்தாள். என் காதில் சொன்னாள்: "அவரே காலைல வந்து நின்னு வெட்டச் சொன்னாராம் டீச்சர்."

ஒரு வருஷம். மன்னிச்சுக்குங்கன்னு ஒரு சொல் வரல. அதுக்குப் பதிலா வெட்டி எடுத்த ஒரு கோழித்தலை. போதாது, எனக்குப் போதவே போதாது.

ஆனால் கோழி பதமாக வெந்திருந்தது. சுழல்தட்டை நானே என் பக்கம் திருப்பி, தொடையை எடுத்து ஆ-லானுக்கு வைத்தேன். அடுத்த மாதம் அவள் முதல் முறையாக விமானம் ஏறுகிறாள்.