எந்த வீட்டு ஊசி

மார்ச் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே உன் அண்ணிக்குச் சளி, பெரியவளுக்குப் பரீட்சை, எனக்குத் தலைவலி. முதல் இரண்டும் தானாகச் சரியாகிவிடும். மூன்றாவதற்குக் காரணம் நீ. போனில் பேசினால் இரண்டு பேரும் பாதியில் வைத்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை எட்டரைக்கு எங்கள் சலவைக்கூடத்து வாசலில் பதினோரு பேரோடு அட்டை பிடித்துக்கொண்டு நின்றாயே, அந்த வாசலில் நான் பத்தொன்பது வருஷமாக நுழைகிறேன். ஐந்து ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் அங்கேதான் வெளுக்கின்றன. பகல் ஷிப்டுக்கு நான்தான் மேலாளர். இதெல்லாம் உனக்குத் தெரியாதா? இத்தனை பெரிய ஊரில் உனக்கு வேறு வாசலே கிடைக்கவில்லையா?

இயக்குநர் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தார். "யாருய்யா அது, பழுப்புக் கன்னியாஸ்திரி உடுப்புல?" என்றார். "யாரோ ஒரு சிஸ்டர் சார்" என்றேன். பொய் ஒன்றும் இல்லையே.

வீட்டில் வந்து சொன்னால் அம்மா, "வெயில்லயா நின்னா? தண்ணி குடுத்தியாடா?" என்கிறாள். தலையில் அடித்துக்கொண்டேன்.

நீ தெருவோரம் படுப்பவர்களுக்காகப் போராடு. ஆற்றுக்காகப் போராடு. நான் கைதட்டுகிறேன். என் சோற்றில் மட்டும் மண்ணை அள்ளிப் போடாதே.

பதில் போடு. வாசலுக்கு வராதே.

உன் அண்ணன்


மார்ச் 7

அன்புள்ள அண்ணா,

சமாதானமும் நன்மையும்.

"யாரோ ஒரு சிஸ்டர்" என்பதைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. கோபம் இன்னும் போகவில்லை.

உன் ஷிப்டில் அழுக்குத் துணி பிரிக்கிற மேசையில் ஆறு வருஷம் நின்றவள் ஒருத்தி. வாய் ஓயாமல் பாடுவதால் எல்லோரும் அவளைப் பாட்டுக்காரி என்றே கூப்பிடுகிறார்கள். ஜனவரி இருபதாம் தேதி விரிப்பை உதறும்போது, எந்த நோயாளிக்கோ போட்ட ஊசி அவள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. எய்ட்ஸ் கிருமி தொற்றாமலிருக்க இருபத்தெட்டு நாள் மாத்திரை சாப்பிட்டாள். தின்றது எதுவும் வயிற்றில் தங்கவில்லை. மூன்று மாதம் கழித்து எடுக்கிற ரத்தப் பரிசோதனையில்தான் எதுவும் நிச்சயமாகும். அதுவரை தன் குழந்தையை முத்தமிடக்கூடப் பயப்படுகிறாள். முத்தத்தில் எதுவும் பரவாது என்று சொன்னால், "உங்களுக்கென்ன சிஸ்டர், சொல்லுவீங்க" என்கிறாள்.

விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "கொடுத்த கையுறையைத் தொழிலாளி அணியவில்லை." அந்த ஒரு வரியால் அவளுக்கு வேலையும் போயிற்று, சிகிச்சைக்குக் கிடைக்கவேண்டிய உதவியும் போயிற்று. வரிக்குக் கீழே உன் கையெழுத்து. என் மதிப்பெண் அட்டையில் அப்பாவின் கையெழுத்தைப் போட்டுத் தந்த கை அது. எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

கையுறை கொடுத்தீர்களா அண்ணா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று சொல். தொழிலாளர் துறை விசாரணை ஏப்ரல் பத்தாம் தேதி. அதுவரை வாசலுக்கு வருவேன். எங்கள் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தபோது என்னிடம் கேட்டதெல்லாம், சிறியவர்களோடு சிறியவளாக இரு என்பதுதான். அந்தச் சிறியவர்கள் உன் வாசலுக்குள் இருந்தால் அது என் குற்றமா?

அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். சூடு பண்ணித் தடவச் சொல்.

உன் தங்கை


மார்ச் 12

தங்கச்சிக்கு,

கடிதத்தின் உச்சியில் சமாதானம் என்று எழுதிவிட்டு உள்ளே முழுக்கச் சண்டை. இது என்ன பழக்கம்?

உன் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில் நான் ஒன்று கேட்கிறேன். அந்த ஊசி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா?

அந்த விரிப்பை நான் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். மூலையில் நீல முத்திரை. ஒரு சிலுவை, அதன் முன்னால் குறுக்காக வைத்த இரண்டு கைகள். உன் கழுத்துப் பதக்கத்தில் இருப்பதும் அதே கைகள்தானே? உங்கள் ஆஸ்பத்திரி, தங்கச்சி. உங்கள் மடம் நடத்துகிற ஆஸ்பத்திரி.

நாலு மாதத்தில் என் மேசைக்கு வந்த ஊசி இருபத்து மூன்று. பதினாலு உங்களுடையது. மூன்று கடிதம் எழுதினேன். முதல் இரண்டுக்கும் பதிலே இல்லை. மூன்றாவதற்கு உங்கள் தலைமைச் சகோதரி ஒரு வாழ்த்தட்டை அனுப்பினார். "உங்கள் பணியாளர்களை எங்கள் ஜெபத்தில் நினைவுகூர்கிறோம்." நினைவுகூர்ந்துகொண்டே ஊசியையும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஊருக்கு உபதேசம் சொல்லக் கிளம்புகிறவளே, முதலில் உன் வீட்டு வாசலில் போய் நில். அங்கேயும் நிழல் கிடையாது.

அண்ணன்


மார்ச் 24

அன்புள்ள அண்ணா,

சமாதானமும் நன்மையும். சண்டை கீழே இருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்று மூன்று தாளைக் கிழித்தேன். பிறகு, நீ சொல்வது பொய் என்று நிரூபிக்க எங்கள் நாலாம் வார்டுக்குப் போனேன். முப்பத்திரண்டு படுக்கை, ஒரே ஒரு நர்ஸ். போட்ட ஊசியைப் போடவேண்டிய பெட்டி தாழ்வாரத்துக் கடைசியில், மருந்தறைக்குள் இருக்கிறது. "ஒவ்வொரு ஊசிக்கும் அங்க போய்ட்டு வந்தா அடுத்த ஆளு என்னாகறது சிஸ்டர்? மெத்தை ஓரமா வைக்கிறோம். அப்புறம் எடுக்கணும்னுதான் நினைக்கிறோம்" என்றாள் அந்தப் பெண். காலையிலிருந்து அவள் உட்காரவே இல்லை. அவளை நான் என்ன சொல்ல?

தலைமைச் சகோதரியிடம் போனேன்.

"பெட்டியெல்லாம் அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார்.

"விசாரணையில ஊசி நம்மளோடதுன்னு நாம சொல்லணும்மா."

"நம்ம பேரு கெட்டுப்போனா யாருக்கு நஷ்டம்? ஏழைங்களுக்குத்தானே?"

"இப்ப குத்துப்பட்டவளும் ஏழைதானே?"

"உங்களுக்குப் பொறுமை இல்ல சிஸ்டர்."

"ஆமாம்மா, இல்ல" என்றேன். உண்மைதானே.

மறுநாள் காலை ஜெபம் முடிந்ததும் உன் வாசலில் பிடித்த அதே அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் "ஊசி இங்கிருந்துதான் போனது" என்று எழுதி, எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். தனியாக. அந்தப் பதினோரு பேரையும் கூப்பிட்டேன். "அது உங்க வீட்டுச் சண்டை சிஸ்டர்" என்று நழுவிவிட்டார்கள். இருபத்தாறு வருஷம் என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டே கடந்து போனார்கள். சமையலறைச் சகோதரி மட்டும் குடை கொண்டுவந்தார். "நீங்க பண்றது தப்பு. இந்தாங்க, குடையப் பிடிங்க" என்றார்.

இன்றோடு ஐந்து நாள்.

பாதி உண்மையை வைத்துக்கொண்டு உன்னிடம் முழுக் குரலில் கத்தியிருக்கிறேன். மன்னித்துவிடு. ஆனால் அண்ணா, ஊசி எங்களுடையது என்றாலும் கையெழுத்து உன்னுடையது. என் கேள்விக்கு அப்புறம் வருகிறேன் என்றாய். நீ வரவே இல்லை.

உன் தங்கை


மார்ச் 29

தங்கச்சிக்கு,

உனக்கென்ன பைத்தியமா? உன் வீட்டு வாசலில் நில் என்று ஆத்திரத்தில் ஒருவன் எழுதினால், நிஜமாகவே போய் நின்றுவிடுவதா? சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். கிணற்றில் குதி என்று திட்டினால் எந்தக் கிணறு என்று கேட்கிறவள் நீ.

அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "அவள வெளிய அனுப்பிட்டா இங்க கூட்டிட்டு வந்துடுடா" என்று காலையும் மாலையும் சொல்கிறாள். ஐம்பத்தொரு வயதில் உன்னிடம் இருப்பது இரண்டு உடுப்பும் ஒரு ஜெபப் புத்தகமும். வந்தால் எங்கே படுப்பாய்? உன் அறையில் பெரியவள் படித்துக்கொண்டிருக்கிறாள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கையுறை இல்லை. நவம்பரிலிருந்து இல்லை. நான் கேட்டேன். "இருக்கறத வெச்சு ஓட்டுய்யா" என்றார் இயக்குநர். பதிவேட்டில் என்ன எழுதவேண்டும் என்றும் அவரே சொன்னார். எழுதினேன். போதுமா? இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்னை என்ன செய்யச் சொல்கிறாய்? நீ வறுமையை விரதமாக எடுத்துக்கொண்டாய், உனக்கு மேலே ஒரு கூரையும் மூன்று வேளைச் சாப்பாடும் இருக்கிறது. குடும்பஸ்தனுக்கு விரதம் கிடையாது. வறுமை மட்டும்தான் வரும்.

இனி எனக்கு எழுதாதே.

அண்ணன்


ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

ஏழாவது நாள் தலைமைச் சகோதரி வாசலுக்கே வந்து, "உள்ள வாங்க, போதும்" என்றார். இப்போது எல்லா வார்டிலும் ஆறு படுக்கைக்கு ஒரு ஊசிப் பெட்டி இருக்கிறது. போராட்டம், மேடை என்று நான் செய்துவந்த நீதிப் பணியிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இனி நாலாம் வார்டின் அழுக்குத் துணிதான் என் பொறுப்பு. ஒவ்வொரு விரிப்பாக விரித்துப் பார்த்துப் பையில் போடவேண்டும்.

கீழ்ப்படிகிறேன். சந்தோஷமாகக் கீழ்ப்படிகிறேன் என்று நினைத்துவிடாதே. முதல் நாள் அந்த நாற்றத்தில் வாந்தி எடுத்தேன், தலைமைச் சகோதரியை மனதுக்குள் திட்டிக்கொண்டே. எங்கள் தந்தை பிரான்சிஸ் ஒரு தொழுநோயாளியைக் கட்டிப்பிடிக்கிற படம் தாழ்வாரத்தில் மாட்டியிருக்கிறது. அதற்கு முன்னால் அவர் எத்தனையோ தடவை மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகிப் போனாராம். அதை யாரும் படமாக மாட்டவில்லை. நான் இருபது வருஷமாகப் பாட்டுக்காரிகளுக்காக மேடையில் பேசியவள். அவர்கள் மேசையில் என்ன வாடை அடிக்கும் என்று இந்த வாரம்தான் தெரிந்தது.

விசாரணையில் சாட்சி சொல்ல அனுமதி கிடைத்திருக்கிறது. "வேண்டாம்னா நிக்கவா போறீங்க?" என்று எரிந்து விழுந்துகொண்டே தலைமைச் சகோதரி கொடுத்தார். ஊசி எங்களுடையது என்று சொல்வேன். கையுறையைப் பற்றிச் சொல்லமாட்டேன். அது அண்ணன் தங்கைக்கு எழுதியது. அதை அதிகாரியிடம் நீட்டி உன்னைப் பிடித்துக் கொடுக்க என்னால் ஆகவில்லை. இது சரியில்லை என்றும் தெரிகிறது. பாட்டுக்காரி நேற்று வந்திருந்தாள். அவள் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

உன்னை வா என்றோ சொல் என்றோ கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

உன் தங்கை


ஏப்ரல் 15

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ சாட்சி சொல்லிவிட்டு வார்டு வேலைக்கு ஓடிவிட்டாய். மத்தியானம் என் முறை வந்தது. யார் வாயிலாகவோ நீ கேட்டிருப்பாய். இருந்தாலும் நானே எழுதுகிறேன்.

அதிகாரி பதிவேட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார். "இது உங்க கையெழுத்தா?" ஆமாம் என்றேன். "எழுதியிருக்கறது சரியா?"

சரி என்று சொல்லத்தான் போயிருந்தேன். என்ன சொல்லவேண்டும் என்று எழுதியே கொடுத்திருந்தார்கள், தாள் சட்டைப் பையில் இருந்தது. எதிரே பாட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. உள்ளங்கையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வாய் இறுக மூடியிருந்தது. ஆறு வருஷத்தில் எத்தனை தடவை "சத்தத்தக் கொற" என்று அவளை அதட்டியிருக்கிறேன். அவள் சும்மா இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

"கையுறை இல்ல சார். நவம்பர்லருந்தே இல்ல. நான் பொய் எழுதினேன்" என்றேன். இயக்குநர் சொல்லித்தான் எழுதினேன் என்பதையும் சொன்னேன். ஆனால் அதை இரண்டாவதாகத்தான் சொன்னேன்.

வெளியே வந்ததும் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார்கள். முடிவு தெரியும்வரை வேலைக்கு வரவேண்டாமாம். உன் அண்ணி மூன்று நாள் பேசவில்லை. நேற்றுதான் "சாப்பிட வாங்க" என்றாள், சுவரைப் பார்த்து. உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்று உன்னைப் போன்றவர்கள் சொல்வீர்களே, எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. உன்மேல் கோபம் அப்படியேதான் இருக்கிறது.

அன்று படிக்கட்டில் பாட்டுக்காரி நின்றிருந்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன், வெட்கங்கெட்டவன். "இத அன்னிக்கே எழுதியிருக்கலாமே சார்" என்றாள். அவ்வளவுதான். இரண்டு படி இறங்கிப் போனவள் திரும்பினாள். "இருபதாம் தேதி பரிசோதனை முடிவு குடுக்கறாங்க. கூட வர ஆளில்ல. உங்களுக்குத்தான் இப்ப வேலை இல்லையே, வர்றீங்களா?"

வருகிறேன் என்றேன்.

சொல்லிவிட்டு வந்ததிலிருந்து நாட்காட்டியில் இருபதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பரிசோதனைத் தாளில் நல்லபடியாக இல்லாவிட்டால் அவள் பக்கத்தில் நின்று நான் என்ன சொல்வேன்? அவள் அழுதால் எங்கே பார்ப்பேன்?

இருபதாம் தேதி காலை ஒன்பது மணி. அரசு ஆஸ்பத்திரி, ரத்தப் பரிசோதனை அறை வாசல். எனக்குத் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது. உங்கள் தலைமைச் சகோதரியிடம் அனுமதி கேள். கொடுக்காவிட்டாலும் வா.

அண்ணன்