நான் வாயை மூடிக்கொண்ட காரணம்

வெள்ளானூர்,
4ஆம் தேதி

அன்பு மகன் அரவிந்தனுக்கு அம்மா எழுதுவது. நீயும் பானுப்பிரியாவும் புனேவில் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நான் முக்கால்வாசி நலம், மீதிக் கால்வாசிக்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் நீ கூப்பிட்டு ஆறு வாரம் ஆகிறது, நானாகக் கூப்பிட்டால் மீட்டிங் என்கிறாய். பக்கத்து வீட்டு விஜிதான் போன வாரம் விஷயத்தை உடைத்தாள். கல்யாணமாகிப் போன இந்த எட்டு மாதத்தில் உன் பெண்டாட்டியைப் பார்த்து நான் ஒரு நாள்கூடச் சிரித்ததில்லையாம், வீடியோவில் அவள் முகம் வந்தாலே முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறேனாம். "அத்தைக்கு என்னைப் புடிக்கலக்கா, அதான் இவரையும் கூப்பிட வேணாம்னுட்டேன்" என்று விஜியிடம் அழுதிருக்கிறாள்.

அரவிந்தா, பானுவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். என் பல் அவள் கண்ணில் படக்கூடாது என்றுதான் மூடினேன். தை மாதத்திலிருந்தே பல் தேய்த்தால் ரத்தம். பிரஷ் குத்துகிறது என்று நினைத்து அதைத் தூக்கிப் போட்டுவிட்டு விரலால் பல்பொடி தேய்த்தேன், அதுதான் நான் செய்த மடத்தனம். ஈறு வீங்கி, முன் பல் விலகி, வாய் நாற்றம் எனக்கே தெரிய ஆரம்பித்தது. அம்பத்தூர் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை பார்க்கும் ராஜம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். மறுநாளிலிருந்து நான் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டேன். உன் அப்பா போன பிறகு வீட்டிலும் தனி, இப்போது அங்கேயும் தனி.

பூந்தமல்லி பக்கம் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாறிப் போய்வருகிறேன். மைதிலி என்று சின்ன வயசு டாக்டர், பொறுமையாகச் சொன்னாள். கிருமியோடு சண்டை போட நம் ரத்தத்திலிருந்தே காவல் அணுக்கள் ஓடி வருமாம், எனக்குச் சர்க்கரையும் இருப்பதால் அவை அடங்காமல் அங்கேயே நின்று, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பையும் சேர்த்துக் கெடுக்கின்றனவாம். முதலில் ஆழமாகச் சுத்தம் செய்தார்கள். பிறகு ஈறு இடுக்கில் நீல மருந்து விட்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, பேனா மாதிரி ஒன்றால் சிவப்பு வெளிச்சம் காட்டினார்கள். சூடில்லை, வலியில்லை. கிருமி சாகும், அந்த அணுக்களும் தணியும் என்று எதிர்பார்க்கிறார்கள், இன்னும் ஆராய்ச்சிதானாம். தணிந்ததா என்று பார்க்க ஒரு காகிதத் துண்டை ஈறில் வைத்து ஈரம் எடுக்கிறார்கள். வெளிச்சத்தை மட்டும் நம்பாதீங்கம்மா, பிரஷ்ஷையும் சர்க்கரை மாத்திரையையும் விடக்கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னாள். மூன்று தடவை ஆயிற்று, ரத்தம் நின்றுவிட்டது.

முதல் நாள் துணைக்கு வந்தவர் யார் என்று கேட்டார்கள். மகன் வண்டி நிறுத்தப் போயிருக்கிறான் என்று சொல்லி உன் பெயரைக் கொடுத்தேன். அடுத்த தடவையும் அதையே சொன்னேன். மூன்றாம் தடவை ஆயா சாவித்திரி, "இன்னாம்மா, உம்புள்ள இன்னும் வண்டி நிறுத்திக்கினே கீறாரா" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் கூடச் சிரித்துவிட்டு பஸ்ஸில் வந்து அழுதேன். ஏம்மா வாயை மூடுற என்று நீயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

முன் பல் ஒன்றை மட்டும் காப்பாற்ற முடியாதாம், போன எலும்பு திரும்பாதாம். இருபதாம் தேதி எடுக்கிறார்கள். அதற்குள் ஒரு நாள் வீடியோவில் வா, பானுவையும் பக்கத்தில் உட்கார வை. எல்லாப் பல்லோடும் அவளைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிடுகிறேன்.

இரண்டு பேரும் ஒருவர் மனசை ஒருவர் நோகடிக்காமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தால் என்னைப் போல மறைக்காதே, உடனே காட்டு. இந்தக் கடிதத்தை நீ படித்து அவளுக்குச் சுருக்கிச் சொல்லாதே, அவள் கையிலேயே கொடு.

இப்படிக்கு,
உனக்கு அம்மா, பானுவுக்கு அத்தை,
புஷ்பா