ஞாயிறு போய்த் திங்கள் திரும்பும் ஊர்

மார்ச் 3, செவ்வாய்

இன்று டயாலிசிஸுக்கு முன் இவர் எடை இரண்டு கிலோ எண்ணூறு கூடுதல். "தண்ணி ஜாஸ்தியாயிடுச்சே சார்" என்று டெக்னீஷியன் பெண் கடிந்துகொண்டாள். இவர் என்னைக் கைகாட்டி, "காவல்காரியைக் கேளுங்க" என்றார். நான்கு மணி நேரம் அவர் உள்ளே, நான் வராந்தாவில் குறுக்கெழுத்துடன். நான்கு வருடமாகச் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் இப்படித்தான். மற்ற நாலு நாளும் அந்த மூன்றுக்குத் தயாராவதிலேயே போய்விடுகின்றன.

டாக்ஸியில் திரும்பும்போது ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "ஒரு தடவை ரயில்ல எங்கேயாவது போயிட்டு வரணும். ஞாயித்துக்கிழமை போய்த் திங்கக்கிழமை திரும்பிடலாம். அதுக்கப்புறம் இதை நிறுத்திக்கலாம்னு இருக்கேன்." கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார்.

டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "சிக்னல் விழுந்துடுச்சு, போங்க" என்றேன்.

மார்ச் 5, வியாழன்

டாக்டரைத் தனியாகப் பிடித்தேன். அவரிடம் இவர் ஜனவரியிலேயே பேசிவிட்டாராம்! ஊருக்கெல்லாம் தெரிந்தபின் எனக்கு.

"மாற்றுச் சிறுநீரகத்தை அவர் இதயம் தாங்காதும்மா. டயாலிசிஸே இப்ப சிரமமாத்தான் இருக்கு. நிறுத்தினா ஒரு வாரம், பத்து நாள். வலி இல்லாம பார்த்துக்கலாம். அவர் தெளிவா இருக்கார். முடிவு அவரோடது."

"என்னோடது எது டாக்டர்?" என்று கேட்டேன். அவர் மேஜைமேல் இருந்த பேனாவின் மூடியைப் போட்டார், எடுத்தார், போட்டார்.

மார்ச் 6, வெள்ளி

காலையிலிருந்து சண்டை. நான்தான் போட்டேன். அவர் செய்தித்தாளின் இரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பண்ணேன். மேலேயும் கீழேயுமே போயிட்டிருந்தேன், குறுக்கே எங்கேயும் போனதில்லை. இது ஒண்ணுதான் கேக்கறேன். ஊரை நீயே பாரு" என்றார்.

சிரிப்பு வந்துவிட்டது. அதற்காகவே அவர்மேல் இன்னும் கோபம்.

ஊரை நான் பார்க்க வேண்டுமாம். நல்லது. நான் ஊரைச் சொல்லாத வரைக்கும் ரயில் இல்லை. ரயில் இல்லாத வரைக்கும் செவ்வாய், வியாழன், சனி உண்டு. மிக்சி, ஃப்ரிட்ஜ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருபத்தாறு வருடம் ஃபோன் எடுத்தவள் நான். 'ஆள் கிளம்பிட்டார்', 'பார்ட் வந்துட்டிருக்கு', 'ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்' - எரிமலையாய் வருகிறவரைக்கூட மூன்று மாதம் இழுத்துவிடுவேன். கட்டின புருஷனை இழுக்க மாட்டேனா?

மார்ச் 11, புதன்

மலை ஊர் ஒன்றைப் பெரிய ஆர்வத்தோடு காட்டினேன். பிறகு நானே, "ஸ்டேஷன்லேர்ந்து அறுபது படி ஏறணுமாம்" என்றேன். "அப்ப வேண்டாம்" என்றார்.

மார்ச் 16, திங்கள்

கடற்கரை ஊருக்கு நேர் ரயில் இல்லை. நடுவில் மாற வேண்டும். நடைமேடை மாற நாலு நிமிஷம்தான். (பதினாலு நிமிஷம். பத்தை விழுங்கிவிட்டேன்.)

மார்ச் 22, ஞாயிறு

கோட்டை ஊர். திங்களன்று கோட்டைக்கு விடுமுறையாம். "வெளியிலேர்ந்து பார்த்தா என்ன?" என்றார். "அவ்வளவு தூரம் போய் மதில் சுவரையா பார்க்கறது?" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றார்.

மார்ச் 31, செவ்வாய்

ஏரி ஊர்தான் சிக்கல். மூன்றே மணி நேரப் பயணம். படி இல்லை, மாற வேண்டியதில்லை, ஸ்டேஷன் எதிரிலேயே தங்குமிடம். ஒரு குறையும் அகப்படவில்லை. ஆகவே அந்த ஊரைப் பற்றி நான் அவரிடம் பேசவே இல்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

இந்த ஞாயிறும் போயிற்று. ஜெயித்துவிட்டேன்.

ஏப்ரல் 9, வியாழன்

வீட்டுக்கு வந்ததும் வாந்தி. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு கல்லாகிவிட்டது. அரை மணி நேரம் தேய்த்தேன். "விடு, உன் கை வலிக்கும்" என்கிறார். என் கை வலிக்குமாம்!

ஏப்ரல் 18, சனி

வராந்தாவிலிருந்து என்னை உள்ளே கூப்பிட்டார்கள். ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது. கட்டிலின் தலைமாட்டைத் தாழ்த்திக் கால்களை உயர்த்தியிருந்தார்கள். முகம் வெளுத்து, உதடு நீலம் பாய்ந்து, பற்கள் கிட்டியிருந்தன. "சார், என்னைப் பாருங்க, என்னைப் பாருங்க" என்று டெக்னீஷியன் பெண் கன்னத்தைத் தட்டினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தேவலை.

மார்ச் ஆறாம் தேதியிலிருந்து இன்றுவரை எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது தடவை ஊசி. ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு. படி, நடைமேடை, மதில் சுவர் என்று நான் சொன்ன சாக்குக்கெல்லாம் அவர் கையில்தான் குத்தியிருக்கிறார்கள். நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? யாருக்காக? சரி, ஊரைச் சொல்லிவிடலாம் - சொல்லிவிட்டு? எப்படிச் சொல்வேன்? என்னால முடியல. நிஜமா முடியல.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஒன்றும் எழுத ஓடவில்லை.

ஏப்ரல் 22, புதன்

மகள் ஃபோன் செய்தாள். "அம்மா, மே மூணு, ஞாயித்துக்கிழமை. ரெண்டு பேருக்கும் ஜன்னல் சீட். ஏரி இருக்கிற ஊர். டிக்கெட் போட்டுட்டேன்."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "யாரைக் கேட்டு போட்டே? உனக்கு என்னடி தெரியும்? அந்தப் பயணம் எதுக்குன்னு தெரியுமா உனக்கு?" என்று கத்தினேன்.

"தெரியும்மா. மார்ச்லயே அப்பா சொல்லிட்டார். ஒரு மாசமா தினமும் ஆபீஸ் பாத்ரூம்ல அழறேன். உங்கம்மா போட மாட்டா, நீ போடுன்னு அப்பா போன வாரம் கேட்டார். நான் எப்படிம்மா மாட்டேன்னு சொல்றது?"

என் பெண், பாவம். டிக்கெட் போடும்போது எப்படி அழுதிருப்பாள்! நான் அதற்கும் சேர்த்துத் திட்டியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். திங்கள் மாலை நாங்கள் திரும்பும்போது இங்கே வந்திருப்பாளாம்.

ஏப்ரல் 29, புதன்

பெட்டியில் என்ன வைப்பது? அவர் மாத்திரைகளை ஒரு மாதத்துக்கு எடுத்து வைத்தேன். பிறகு இரண்டு நாளைக்கு மட்டும் வைத்தேன். பிறகு மறுபடி ஒரு மாதத்துக்கு.

மே 2, சனி

"செவ்வாய்க்கிழமை பார்க்கலாம் சார்" என்றாள் டெக்னீஷியன் பெண். "நல்லா இரும்மா" என்றார்.

மே 3, ஞாயிறு

ரயில் கிளம்பியது. நகரத்தை விட்டுப் போகவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. மாடிக் கட்டடங்களைக் காட்டிக்கொண்டே வந்தார். "அதுல பதினோரு மாடி. ரெண்டு லிஃப்ட்டும் என் கைப்பட்டது." "அதுல ஒரு தடவை மாமியாரும் மருமகளும் மூணு மணி நேரம் மாட்டிக்கிட்டாங்க. திறக்கும்போது ரெண்டு பேரும் பேச்சுவார்த்தையில இருந்தாங்க, அதுக்கு முன்னாடி ஆறு வருஷம் பேசலையாம்." எதிர் சீட்டுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாரையாவது சிரிக்க வைத்து அவர் பூரித்துப்போவதை எவ்வளவு நாளாயிற்று பார்த்து!

கட்டடங்கள் முடிந்து வயல் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். மூக்கைக் கண்ணாடியில் வைத்து அழுத்திக்கொண்டார். எழுபத்தோரு வயது ஆள். நான் முறைப்பதை நிறுத்திவிட்டு வெளியே பார்த்தேன்.

சாயங்காலம் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று, "அந்த மலை ஊர்ல அறுபது படியெல்லாம் கிடையாது" என்றார். "சரிவுப் பாதை இருக்கு. நான் விசாரிச்சேன்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. "தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?"

"உனக்குக் கொஞ்ச நாள் வேணும்னு தெரிஞ்சுது. என்னால முடிஞ்ச வரைக்கும் கொடுத்தேன்."

நான் அங்கேயே வாய்விட்டு அழுதேன். படகுகளைக் கட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

மே 4, திங்கள்

காலையில் கெஞ்சிவிட்டேன். கெஞ்சக் கூடாது என்று சத்தியம் செய்துதான் வந்தேன். 'இன்னும் ஒரே ஒரு மாசம். எனக்காக. நான் தனியா என்ன பண்ணுவேன், சொல்லுங்க? யாரோட சண்டை போடுவேன்?'

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். பாதம் வீங்கியிருந்ததால் நுழையவில்லை. நான் குனிந்து மாட்டிவிட்டேன். என் தலைமேல் கை வைத்தபடி சொன்னார்:

"நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு நீ எழுப்பினா எழுந்து வர்றேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். அடுத்த தடவையும் வர்றேன். எழுப்பலேன்னா இல்லை."

கடைசியில் என் தலையிலேயே கட்டிவிட்டார். இதற்கு அவரே முடிவு பண்ணியிருக்கலாமே. கொடுமைக்காரர்.

திரும்பும் ரயிலில் மூச்சு வாங்கிற்று. என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தார். மகள் ஸ்டேஷனுக்கே வந்திருந்தாள்.

மே 5, செவ்வாய்

நான்கரைக்கே விழித்துவிட்டேன். ஐந்து மணிக்கு அவர் பக்கத்தில் போய் நின்றேன். கையை நீட்டினேன். தோளுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் கை நின்றுவிட்டது. வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினால் நிச்சயம் எழுந்து வருவார். சொன்ன சொல் தவறாத மனுஷர். சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வந்து கையை நீட்டுவார். அதைத்தான் நினைத்துப் பார்த்தேன்.

கையை எடுத்துக்கொண்டேன்.

ஆறரைக்கு டெக்னீஷியன் பெண் கூப்பிட்டாள். "அம்மா, சார் இன்னும் வரலையே? கிளம்பிட்டாரா?"

'கிளம்பிட்டார், வந்துட்டிருக்கார்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பழக்கம்.

"இல்லம்மா. இனிமே வர மாட்டார். காத்திருக்கிறவங்க யாருக்காவது அந்த நேரத்தைக் கொடுத்துடு."

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. டாக்டரிடம் தான் சொல்வதாகச் சொல்லிவிட்டு வைத்தாள்.

மகளை எழுப்பவில்லை. உள்ளே போய் அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். கண்ணைத் திறக்காமலே, "மணி என்ன?" என்றார். "ஏழாகப் போகுது" என்றேன். நகர்ந்து எனக்கு இடம் விட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நாங்கள் இருவரும் இப்படிப் படுத்துக் கிடந்து நான்கு வருடமாகிறது.